கல்லுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

விடியலிலிருந்து மழை. பாதி மலை கரைந்து கீழே ரிங்லெட் ஊருக்கு இறங்கியிருக்கும். எஸ்டேட் லாரியைக் கழுவியாயிற்று.

பூசையில் உட்கார்ந்தவை: லாரிச் சாவி, ஸ்பேனர் செட், என் வீட்டுக்காரி சரசுவின் தேயிலைக் கொழுந்துக் கத்திரி, யாழினியின் சுத்தியல். யாழினி என் அக்கா மகள். அக்கா போன பிறகு அவளுக்கு இதுதான் வீடு. யுனிவர்சிட்டியில் கல் படிப்பு. நேற்று குவா மூசாங் பக்கத்திலிருந்து இரண்டு பை கல்லோடு வந்து இறங்கினாள். இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடிச் சேறாம். அப்போது கடல் உயிர்களில் பத்து வகைக்கு ஒன்பது வகை அழிந்துபோயினவாம். எது கொன்றது என்பதற்கு இந்தக் கற்கள்தான் சாட்சி.

அப்பேர்ப்பட்ட சாட்சியை வெறும் நெற்றியோடு விடலாமா? அவள் குளிக்கப் போன நேரம் பையைப் பிரித்தேன். பதினோரு கல்லுக்கும் குங்குமப் பொட்டு. நடுவிலிருந்த கறுப்பு மண்கட்டிக்கு ராஜ மரியாதை, மூன்று பொட்டு.

வந்து பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதுதான் பயம்.

அக்டோபர் 2, வியாழன்

மழை, போதாததற்குப் பனிமூட்டம். இன்றுதான் வாய் திறந்தாள்.

கொன்றது எரிமலை என்று அவளுக்குச் சந்தேகம். எரிமலை கக்கும்போது பாதரசமும் வெளியே வந்து, கடைசியில் கடல் சேற்றில் படியுமாம். அதை அளந்து காட்டத்தான் இரண்டு வருஷமாகக் கல் சுமக்கிறாள். கடைக் குங்குமத்திலும் பாதரசம் இருக்கலாமாம். ஆக, கொலை நடந்த இடத்தில் போய்க் கைரேகை பதித்த மகா புருஷன் நான்.

"கல்லையெல்லாம் மேல அறுத்துட்டு உள்ள எடுத்துக்கலாம் மாமா. அந்தக் கறுப்பு மண்ணுலதான் குங்குமம் ஊறிப்போச்சு. அது இல்லாம நான் என்னத்த எழுதி முடிக்கிறது?"

திங்கட்கிழமை லேபில் கொடுக்கவேண்டும். அங்கே பாதரசம் அளக்கும் மெஷினுக்கு நாலு மாதம் காத்திருந்திருக்கிறாள்.

சரசு தேத்தண்ணி வைத்துக்கொண்டே சொன்னாள்: "உலகத்த அழிக்க எரிமலைக்கே எத்தன ஆயிரம் வருஷம் ஆச்சோ. உங்க மாமாவுக்கு நீ குளிக்கிற நேரம் போதும் லா."

மதியச் சோறு இறங்கவில்லை. (இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.)

அக்டோபர் 4, சனி

மேனேஜரிடம் லீவு. என் கிழட்டுக் காரில் யாழினியும் நானும், கியா பார்ம் தாண்டி குவா மூசாங் பாதை. வழியில் ஏழு பொய் சொல்லிப் பார்த்தேன், புலியோடு மல்யுத்தம் செய்தது உட்பட. ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. மழை அந்த மண்ணை அரித்துக் கொண்டுபோயிருக்குமோ என்று அவளுக்குக் கவலை. எனக்கு அவளைவிட.

சுண்ணாம்புக் குன்று. சரிவெல்லாம் சேறு. ஒரு மணி நேரம் சுரண்டினாள். பிறகு சுரண்டுவதை நிறுத்திவிட்டு நெற்றியைப் பாறையில் சாய்த்துக்கொண்டாள். இருந்தது. நாலு விரல் அகலம், கறுப்பு.

அதற்குக் கீழே சந்தைக் கூட்டம் மாதிரி சிப்பி. மேலே, என் கைக்கு எட்டியவரை ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த தரை மாதிரி வெறும் கல். எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. அக்காவைத் தூக்கிய நாளுக்கு அப்புறம் இன்றுதான் அப்படி.

நான் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டி நின்றேன். அவள் உத்தரவு. மண்ணை எடுத்துப் பையிலிட்டு ஒட்டி, பேர் எழுதினாள்.

"ஒட்டியாச்சு மாமா. பாறையில மிச்சத்த இப்ப தொடலாம்."

தொட்டேன். சில்லென்று ஈரம்.

நகத்தில் அந்தக் கறுப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. சாப்பிடக் கை கழுவச் சொல்லி சரசு மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறாள்.