கல்லைப் பெயர்த்துப் போட்ட தார்

அன்பு மகள் டின்சிக்கு, அப்பா கபிரியேல் எழுதிக்கொள்வது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் மாப்பிள்ளை ஜிஜோவும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொண்டு அழுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வர டிக்கெட் பார்ப்பதாகச் சொன்னாய். நம் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு வரும் ரோடு உனக்குத் தெரியாததா, வெள்ளைக்காரன் காலத்தில் பாவின கல், ஜீப்பில் ஏறினால் குடல் வாய்க்கு வரும், ஆனாலும் எந்த மழைக்கும் தண்ணீர் கல் இடுக்கில் இறங்கிப் போய்விடும், கல் அசையாது. திருநாள் சப்பரம் அதில் குலுங்கி அந்தோணியார் கையிலிருந்த குழந்தை இயேசு விழுந்து உடைந்த வருஷம், தார் போட்டே ஆக வேண்டும் என்று லயமே பஞ்சாயத்து வாசலில் போய் உட்கார்ந்தோம். போட்டார்கள். பெயர்த்த கல்லையெல்லாம் கோயில் மதிலுக்குக் கொடுத்தோம். சப்பரம் ஒரே ஒரு திருநாளுக்குத்தான் ஆடாமல் போனது. அடுத்த மழையில் தண்ணீர் அடியில் புகுந்து தாரைத் தோசை மாதிரி புரட்டியது, இந்த மழைக்கு வளைவில் ரோடே பள்ளத்தில் இறங்கிவிட்டது. மதிலை இடித்துக் கல்லைத் திரும்பப் பாவினால் என்ன என்று கேட்டேன், கல் இருக்கு, அதை வைக்க மண் எங்கே இருக்கு என்கிறான் ஜீப் ஓட்டுகிற லிபின். பஞ்சாயத்தில் எஸ்டேட் ரோடு என்கிறார்கள், எஸ்டேட்டில் தார் போட்டவனைக் கேள் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று.

போன மாதம் பக்கத்து வீட்டு ஜிஸ்மிக்குப் பிரசவ வலி எடுத்து, ஜீப் ஏற வழியில்லாமல் கம்பளியில் தூளி கட்டிச் சுமந்தோம், நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். வளைவைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்தது, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்தது. அம்மா இதை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். “எம்பிள்ள வரட்டும், நான் சுமந்துட்டுப் போறேன்” என்கிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவள். பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கலாம் என்று மூணாறில் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தேன், எல்லாம் டூரிஸ்டுக்குத்தான் விடுகிறார்கள்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாத பெண் நம் லயத்தில் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசினாலும் பேசட்டும். வராதே மகளே, அங்கேயே பெற்றுக்கொள். நீ வரக்கூடாது என்று செபம் செய்கிறேன், எனக்கே வெட்கமாயிருக்கிறது.

உன் நெற்றியிலும் பேரப்பிள்ளை நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். மாத்திரையை மறக்காதே. அம்மா கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல், அப்பா வேண்டாம் என்றார் என்று மட்டும் சொல்லாதே, பிள்ளைக்கு இப்போதே துணி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா கபிரியேல்