சாப்பாட்டுக்கு முன் சொல்லும் பெயர்கள்

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். காற்றே இல்லை. லைப்ரரி புத்தகம் திருப்பிக் கொடுக்கும் நாள். கொடுக்கவில்லை, பள்ளிக்கே போகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள் (இனி பெ.பா., பெ.மா.). ஜெனியின் அப்பாவுக்கு அண்ணன், அண்ணி. ஜெனியைத் தத்தெடுத்துக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். காகிதம், பாஸ்போர்ட் எல்லாம் தயார்.

கச்சால் தீவில் ஜெனியின் அம்மா அப்பாவை, என் சித்தியையும் சித்தப்பாவையும், சுனாமியில் கடல் கொண்டுபோனபோது ஜெனிக்கு ஒரு வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளை. நாலு வருடம் இவர்கள் எங்கே இருந்தார்கள்? அம்மாவிடம் கேட்டேன்.

"வாய மூடு. அங்க போனா நல்லாப் படிப்பா." அம்மாவின் கண் சிவந்திருந்தது.

பெ.பா. அப்பாவிடம் சொன்னது: "புள்ளைக்கு மனசு இல்லேன்னா வற்புறுத்திக் கூட்டிட்டுப் போக மாட்டோம் அண்ணே."

இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நாளை முதல் தினமும் ஓட்டல் சாப்பாடு. பெ.மா. யோசனை. "நீங்க வந்தா உங்களையே ஒட்டிக்குவா அக்கா. எங்களோட பழகட்டும். துணைக்கு இவ மட்டும் வரட்டும்." இவ என்றால் நான்.

10, செவ்வாய்

மரைன் ஹில் ஓட்டல். ஏ.சி. துணி நாப்கின். மீன் வறுவல், சிக்கன், நூடுல்ஸ். ஜெனி எதையும் தொடவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. எங்கள் வீட்டில் ஜெபம் முடியாமல் யாரும் தட்டைத் தொடமாட்டோம். நான் தொடங்க வேண்டும், ஜெனி முடிக்க வேண்டும். கடைசியில், அந்த நேரம் எங்களோடு உட்காராதவர்களின் பெயரைச் சொல்வாள். பெரும்பாலும் அப்பா பெயர்தான், போட்டில் இருப்பார். "அப்பாவ பத்திரமா கூட்டிட்டு வாங்க இயேசப்பா." அப்புறம்தான் முதல் வாய்.

பெ.பா., பெ.மா.வுக்கு இந்த வழக்கம் இல்லை. தட்டு வந்ததும் சாப்பிட்டார்கள்.

நான் சொல்லவில்லை. ஜெபத்தைத் தொடங்கவும் இல்லை. மெனு கார்டைப் படித்தேன். எழுத்துப்பிழை ஆறு.

"மீன் புடிக்கலியாம்மா? பிரியாணி சொல்லவா?" பிரியாணி வந்தது. அதுவும் ஆறியது.

சர்வர் வந்து நின்றார். "பச்சி கா நஹி ரஹி?"

பெ.பா.வுக்கு இந்தி தெரியாது. "என்ன சொல்றாரு?"

"புள்ள ஏன் சாப்பிடலன்னு கேக்கறாரு."

பெ.பா. முகம் சுருங்கியது. நன்றாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஜெபம், சோறு, கருவாடு. ஜெனி ரெண்டு தட்டு. அம்மா: "ஓட்டல்ல ஒண்ணும் வாங்கித் தரலியா?" "இவளுக்குப் புடிக்கல." பொய்.

11, புதன்

கணக்கு டெஸ்ட் தவறிப்போனது. பரவாயில்லை.

வேறு ஓட்டல், படகு நிற்கும் ஜெட்டி பக்கம். தோசை, இறால், ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் உருகி மேஜையில் ஓடியது. ஜெனி கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. வெட்கத்தில் வாயும் திறக்கவில்லை.

"என்னைப் புடிக்கல அவளுக்கு" என்று பெ.மா. மெதுவாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சந்தோஷம். உடனே அந்தச் சந்தோஷத்தின் மேல் எரிச்சல்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜெனி என் மடியில். அவள் வயிறு கத்தியது எனக்கே கேட்டது. யார் மேல் கோபம் என்று பட்டியல் போட்டேன். பெ.மா., பெ.பா., வாய மூடச் சொன்ன அம்மா, பேசாமல் போட்டுக்குப் போகும் அப்பா. நாலாவது பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

12, வியாழன்

மறுபடி மரைன் ஹில். தட்டு வந்தது. நான் மெனு கார்டை எடுத்தேன்.

ஜெனி தானே தொடங்கிவிட்டாள். "பிதா, சுதன்..." உரக்க. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெ.மா. வாயருகே கொண்டுபோன கையை இறக்கினாள். கடைசியில் பெயர்கள். அப்பா. அம்மா. அப்புறம் அக்கா.

"நான் இங்கதானேடி இருக்கேன்."

"அங்க போனா நீ இருக்க மாட்டேல்ல. இப்பவே சொல்லிப் பழகறேன்."

சொல்லிவிட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டாள். முழுத் தட்டு. எலும்பை உறிஞ்சினாள்.

"இதுக்குத்தான் காத்திருந்தாளா?" பெ.மா. என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

திட்டவில்லை. மீன் தட்டை என் பக்கம் தள்ளினாள். திட்டியிருக்கலாம். ஜெபத்தைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். பேனா இல்லை என்றேன். பையில் நாலு பேனா இருந்தது.

19, வியாழன்

கடல் அமைதி. லைப்ரரி புத்தகத்துக்கு அபராதம்.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஜெனி போய்விட்டாள். ஏர்போர்ட்டில் பெ.மா.விடம் ஜெபம் எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன், நல்ல கையெழுத்தில். பெ.மா. என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன்.

இன்று மத்திக் குழம்பு. போட் எஞ்சின் ரிப்பேர், அதனால் அப்பாவும் வீட்டில். ஜெபத்தை முடிப்பதும் இனி நான்தான். கடலில் யாரும் இல்லை. சொல்ல ஒரே பெயர். அப்பாவும் அம்மாவும் கை கூப்பி, கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

"சொல்லும்மா" என்றார் அப்பா.

சொல்லவில்லை. சோறு ஆறட்டும்.