அக்காவின் இடது காது

மார்ச் 4, செவ்வாய்
ஒலிக்கு உட்காது எப்படி அசையும் என்று கணக்கிடும் என் மாடலுக்குள் இருபத்திரண்டு காதுகள் ஒழுங்காக அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது. அக்காவின் இடது காது. உயிரோடு இருந்தபோதும் அவள் யாருக்கும் அடங்கியதில்லை.

மார்ச் 6
பேராசிரியர், "அந்த ஒண்ணை விட்டுடுங்களேன்மா, கட்டுரை முடிஞ்சிடும்" என்றார். எப்படி விடுவது? இரண்டு ஒலிகளைக் கொடுத்தால், நல்ல காது நாம் கொடுக்காத மூன்றாவது ஒன்றைத் தானே எழுப்பி வெளியே அனுப்பும். அக்கா போய் பதினான்கு மாதம். அவள் காது எழுப்பிய அந்தச் சின்னக் கீச்சொலி என் கணினியில் இருக்கிறது. யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்கிறேன். பைத்தியம்தான்.

மார்ச் 9
அத்தான் வீட்டுக்குப் போனேன். அக்கா போன நாளிலிருந்து அவர் கேட்கும் அதே கேள்வி. "லாரிக்காரன் அவ்வளவு ஹாரன் அடிச்சிருக்கான். இவ ஏன் திரும்பிக்கூடப் பாக்கல?" பிறகு அவரே, "எப்பவும் ஏதோ யோசனையில போவா, கவனமே கெடயாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 12
சத்தத்தைக் கூட்டினால் மற்றவர்களின் மூன்றாவது ஒலி கொஞ்சம் ஏறி, பிறகு சோம்பிவிடும். அக்காவுடையது நிற்காமல் ஏறுகிறது. மெல்லிய சத்தத்துக்கோ ஒன்றுமே இல்லை. காது இப்படிச் செய்யாது. அப்படியென்றால் — வேறு எது செய்தது?

மார்ச் 13
பழைய ஆய்வக நோட்டில், அக்காவின் காதைச் சோதித்த நாளில், என் கையெழுத்து: 'வலது காது முடிந்தது. ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது. இடதுக்கு இரண்டு ஒலியும் ஒரே ஸ்பீக்கரில்.'
சாப்பிடப் போகலாம் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஸ்பீக்கரில் கொடுத்தால் மூன்றாவது ஒலியை ஸ்பீக்கரே எழுப்பிவிடும். முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும்.
அன்றைக்கு அவள் எதற்கு வந்தாள்? "இடது பக்கம் யாராச்சும் கூப்பிட்டா கேக்கவே மாட்டேங்குதுடி, என்னன்னு பாரேன்." நான் திரையைக் காட்டி, "காது ஜம்முனு இருக்கு. உனக்குத்தான் கவனம் பத்தல" என்றேன். சிரித்தாள். டாக்டரிடம் போகவில்லை.

மார்ச் 14
லாரி இடப்பக்கமிருந்து வந்தது.

மார்ச் 17
மூன்று நாள் தள்ளிப்போட்டேன். இன்று காதுக்குப் பதில் சின்னப் பித்தளைக் குழாயில் கருவியைச் செருகி, அதே ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு ஒலியும் கொடுத்தேன். அதே கீச்சொலி. அதே ஏற்றம். இத்தனை நாள் நான் அழுதது ஒரு ஸ்பீக்கரைக் கேட்டு.

மார்ச் 23
பட்டியலில் 'இயல்பு' என்பதை அடித்து, 'பதில் இல்லை' என்று எழுதினேன். நேரே அத்தான் வீடு. வாசலிலேயே சொல்லிவிட்டேன், "அவ கவனமில்லாம போகல அத்தான். அவளுக்குக் கேக்கல. என்கிட்ட வந்து சொன்னா. நான்தான் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."
அவர், "கூப்பிட்டா திரும்பலன்னு அவள எத்தன தடவ திட்டியிருக்கேன்" என்றார்.
என்னை உட்காரச் சொல்லவில்லை.