அந்தப் படத்தில் திறக்காத கதவு

வாசலில் புது காலிங் பெல் மாட்டியிருக்கிறான் என் மகன். அழுத்தினால் குருவி கத்துகிறது. அது கத்தும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான். நீ உயிரோடு இருந்து இங்கே வந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டாய்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு நர்ஸ் வேலைக்கு வந்தேன். என் குவார்ட்டர்ஸை ஒட்டிய நிலத்தில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவள் நீ. என் வயதுதான் உனக்கும். ஆனாலும் எல்லோரையும் போல நர்சம்மா என்றுதான் கூப்பிடுவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆலங்காயத்துக்கு மேட்னி படம் பார்க்கக் கூட்டிப்போனேன். நீ வறுத்த புளியங்கொட்டையைக் கடித்த சத்தத்தில் முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். நீ அவருக்கும் நாலு கொட்டை நீட்டினாய்.

புருஷன் செத்த பிறகு யாரோடும் ஒட்டாமல் பெரிய வீட்டில் தனியாக வாழும் ஒருத்தியின் கதை அது. கடைசியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திறக்காமலே நிற்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. அவளுக்கு மனுஷர்களே வேண்டாமென்று ஆகிவிட்டது என்று பஸ்ஸில் உனக்கு விளக்கினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"தட்டுனவங்க அவ பேரச் சொல்லலியே நர்சம்மா. கூப்ட்டிருந்தா வந்திருப்பா."

உங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சினிமாக்காரர்களுக்கும் அதே வழக்கம் என்று நினைத்துவிட்டாயே என்று மலை ஏறும்வரை சிரித்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் என் அம்மா தவறிவிட்டார். வாணியம்பாடியில் எல்லாம் முடிந்து திரும்பியவள் கதவைச் சாத்திக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கம்பவுண்டர் தட்டினார். டாக்டரும் வந்து தட்டினார். எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன், திறக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். நர்சம்மா என்று சொல்லவில்லை.

"மும்தாஜு, நான்தான் வந்துக்கிறேன். வெளிய வாயேன்."

அம்மா போன பிறகு அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. திறந்தேன். உன் தோளில் விழுந்து அழுதேன். சாமைக் கஞ்சியைக் குடிக்க வைத்துவிட்டு, "இன்னா நர்சம்மா, உப்பு போதுமா?" என்று பழையபடி ஆகிவிட்டாய்.

இங்கே எதிர்வீட்டு அம்மாவின் கணவர் போன மாதம் தவறிவிட்டார். பெல் அடித்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இன்று நானும் போனேன். பெல்லில் வைத்த விரலை எடுத்துக்கொண்டு, "சரோஜா, நான் மும்தாஜ் வந்திருக்கிறேன்" என்று கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை. எனக்கு அந்தப் படத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

மறுபடியும் கூப்பிட்டேன். தாழ்ப்பாள் நகர்ந்தது. அந்தப் படத்துக்கு நீ சொன்ன முடிவுதான் சரியடி.