இருக்கைப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே

மே 10

கோயென்ஜி. நான் வேலை பார்க்கும் பழைய துணிக் கடையில் லெதர் ஜாக்கெட்டுகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது தங்கை சிஹாரு போன் செய்தாள். அவளுக்கு ஜூன் இருபத்தொன்றில் கல்யாணம்!

"நான் எப்படி வரணும்?"

"ட்ரெஸ் போட்டுக்கிட்டு வா. வேற எப்படி வருவே?"

சிரித்துவிட்டேன். ஆனால் வழக்கம்போல இன்றும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் பெண்ணாக வாழத் தொடங்கி மூன்று வருடம். 'அண்ணா' அன்றோடு நின்றது. அந்த இடம் இன்னும் காலிதான்.

மண்டப வாசலில் இருக்கைப் பட்டியல் வைப்பார்களே, ஒவ்வொரு பெயருக்கும் கீழே உறவுமுறை போட்டு. என் பெயருக்குக் கீழே என்ன போடுவாள்?

மே 17

என் வழக்கமான வெள்ளைப் பவுடர், கறுப்பு உதடு, கறுப்பு உடையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்காக இளஞ்சிவப்பு ஒத்திகை. பீச் நிறக் கன்னம், மெல்லிய பவுண்டேஷன். கடை முதலாளி ருய்கா பார்த்ததும், "யாருடி இது? பேங்க்ல வேலை கேட்டுப் போறியா?"

போதாததற்கு தாடையில் மழித்த தாடியின் நீலம் அப்படியே தெரிந்தது. ருய்காவும் என்னைப் போலத்தான். இந்த வழியில் எனக்கு இருபது வருடம் முன்னால் போனவள். ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைத் தாடையில் ஒற்றினாள். "தேய்க்காதே, தட்டு. மேல பவுடர். அப்புறம்தான் பவுண்டேஷன்." நீலம் போயே போச்சு.

மே 18

இளஞ்சிவப்பில் இருப்பவள் யார்? எனக்கே அறிமுகமில்லை.

ஜூன் 2

என் வழக்கமான கறுப்பு வெள்ளை முகத்துக்கே திரும்பினேன். புருவத்தைப் பசையால் படியவைத்து, மேலே வில்லாக வேறொன்று வரைந்தேன். அபாரம்! அந்தப் பெருமையோடு ராமென் சாப்பிடப் போனேன். கிண்ணத்து ஆவியில் பசை இளகி, பழைய புருவம் எழுந்து நின்றுவிட்டது. மொத்தம் நான்கு.

கடைக்காரர் நிதானமாகப் பார்த்தார். "முட்டையும் நாலு வைக்கவா?"

கல்யாணத்துக்குச் சொந்தப் புருவம்தான். ஓரத்தை மட்டும் மெலிதாக்கினால் போதும்.

ஜூன் 9

சிஹாருவிடம் சொன்னேன்: உனக்குச் சங்கடம் வேண்டாம், இளஞ்சிவப்பிலேயே வருகிறேன்.

"அம்மா, அத்தைங்க எல்லாரும் கறுப்புக் கிமோனோல வர்றாங்க. நீ மட்டும் பஞ்சுமிட்டாய் மாதிரி வந்து நிக்கப்போறியா? உன் கறுப்பையே போட்டுட்டு வா."

வாய் கிழியப் பேசினாள். என்னை முறை சொல்லிக் கூப்பிட மட்டும் இல்லை. கேட்டுவிடலாமா? — வேண்டாம். கேட்டு வாங்கினால் அது என்ன உறவு?

ஜூன் 21

வெள்ளை மணமகளுக்கு மட்டும். அதனால் என் பவுடரும் ஒரு படி இருண்டது. தாடையில் ஆரஞ்சைத் தட்டினேன். தொண்டை மேட்டை மறைக்க அகலமான லேஸ் பட்டி. உதட்டில் கருநாவல் நிறம். ஆறடி உயரத்துக்கு மேல் கனத்த அடிச் செருப்பு. குனிந்து நடந்தால்தான் உயரம் உறுத்தும், நிமிர்ந்தால் அது ஸ்டைல்.

வாசலில் பட்டியல். விரலை வைத்து வரிசையாகத் தேடினேன்.

என் பெயர், மியாகோ. கீழே பொடி எழுத்தில்: மணமகளின் அக்கா.

அழக்கூடாது, கண் மை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கண் எங்கே கேட்டது?

படம் எடுக்க நின்றபோது வெள்ளை கவுனில் சிஹாரு கிசுகிசுத்தாள். "அக்கா, அந்த லிப்ஸ்டிக்கோட எனக்கு முத்தம் கித்தம் குடுத்துத் தொலைக்காதே."

ஜூன் 30

படம் வந்தது. அவளுடைய இடது கன்னத்தில் கருநாவல் நிறத்தில் ஒரு முழு உதடு. ஸ்டுடியோவில் அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"விடுக்கா. பெருசா பிரிண்ட் போடக் குடுத்துட்டேன்."