மாப்பிள்ளைகளை மேய்த்தவளுக்கு

இன்று காலை கிடங்கில் ஒரு பெட்டியின் மூலை கிழிந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. உள்ளே நம்ம ஊர்ப் பீங்கான் விளக்குகள். ஈர வைக்கோலின் வாசனை மூக்கில் ஏறியதும், திரும்பிப் பார்க்காமலே "ஏய், டேப்பு எடுடி" என்று கை நீட்டினேன். பக்கத்தில் நின்றது புதிதாகச் சேர்ந்த பெண். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

எந்திரங்கள் வருவதற்கு முன் நம் வேலை எப்படி இருந்தது! பார்சலில் ஊர்ப் பெயரைப் படித்து, பண்ருட்டிக்கு ஒரு மூலை, சிதம்பரத்துக்கு ஒரு மூலை என்று நாள் முழுக்கத் தூக்கி நடப்போம். சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "இடுப்பு கிடங்குலயே நின்னுடுச்சுடி, மிச்சம் மட்டும் வூட்டுக்குப் போவுது" என்பாய்.

பிறகு அவை வந்தன. மணைப்பலகை உயரத்தில், சக்கரம் வைத்த குட்டி எந்திரங்கள். முதுகில் பார்சலை வைத்தால் தானே ஓடி, அந்தந்த ஊருக்கான குழியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பும். மேனேஜர் நம்மையெல்லாம் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து பாதிப் பேரு போதும்" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நீ மட்டும் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய்.

"சார், இதுங்க வழியில நின்னுட்டா யாரு பாப்பாங்க?"

"சென்னையிலேர்ந்து ஆள் வருவாங்கம்மா."

"அவங்க வர்ற வரைக்கும் பார்சல் காத்திருக்குமா சார்? எங்களுக்குக் கத்துக் குடுங்க. கத்துக்க முடியலன்னா அப்பறம் எங்கள அனுப்புங்க."

 சில நாளில் கற்றுக்கொடுக்க ஆள் வந்தது. எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. வேப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்திய அன்று, பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய்.

நடுவழியில் நின்று விளக்கை மினுக்கும் எந்திரத்துக்கு நீ வைத்த பெயர் மாப்பிள்ளை. "கோவிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இருடி, சமாதானம் பண்ணிட்டு வரேன்." குவைத்திலிருந்து போனில் இருந்த உன் வூட்டுக்காரர், "யாரு அது மாப்பிள்ளை?" என்று பதறியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

மார்பில் கட்டி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் நீ வேலையை விடவில்லை. மருந்து ஏற்றினால் சில நாள் படுத்திருப்பாய். தெம்பு வந்ததும் பஸ் ஏறிவிடுவாய். தூக்கி நடக்கும் பழைய வேலையென்றால் உன்னால் முடிந்திருக்காது. "பாத்தியா? நம்மளத் தொரத்த வந்ததுங்க. இப்ப எனக்காவ நடக்குதுங்க" என்றாய். எந்திரங்கள் ஓடுவதைக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார நாற்காலி இல்லை. அதையும் நீயேதான் கேட்டாய். வந்தது. எல்லோருக்கும் வந்தது.

கடைசியாக உன் வூட்டுக்கு வந்தபோது என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "என் எடத்துல யாரு நிக்கிறா?" என்று கேட்டாய்.

"நான்தான்."

"உக்காந்து வேல பாருடி. கால் வீங்கிடும்."

அந்த உடம்போடு என் காலைப் பற்றித்தான் உனக்குக் கவலை.

போன வாரம் மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார்கள். பெட்டியைத் தூக்கி வைக்கவும் எந்திரக் கை வருகிறதாம்.  அதிகாரிகள் முன்னால் பேர் சொல்லவே திக்குகிறவள் நான், உனக்குத் தெரியும். எப்படி எழுந்தேனோ, எழுந்துவிட்டேன். "சார், அத ஓட்ட எங்கள்ல யார்யாருக்குக் கத்துக் குடுப்பீங்க?"  திக்கித் திக்கியாவது கேள்வியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கும் கேட்பேன்.