கப்பலிலிருந்து முதலில் இறங்குபவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் கடல் தாண்டி வந்திருக்கும் இந்த நாடு உருவான கதையை அக்கம்பக்கத்தார் பாட்டு நாடகமாகப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சுவரோடு பேசுவானேன் என்று ஆள் தேர்வுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். அதைப் பார்த்த இயக்குநர் அம்மாள், "பாட்டெல்லாம் வேணாம். கப்பல்லருந்து இறங்கி, புது மண்ணுல முதல்ல கால் வைக்கிறது நீங்கதான்!" என்றார். ஊர் பிழைத்தது.

வேஷத்துக்கு அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் சலவைக்கூடத்தில்தானே வேலை பார்க்கிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. சொல்ல மறந்தேனே, வீட்டாருக்கென்று முன்வரிசையில் இரண்டு இருக்கை ஒதுக்குகிறார்கள். யார் வருவார்கள் என்று கேட்டார்கள். உங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள்